ஐசியூ பி.ஜி.க்களுக்கு நுரையீரல் ஸ்கேன்: பார்ப்பதெல்லாம் ‘பி கோடு’ ஆகிவிடுகிறது, எங்கே பிசகுகிறது?

இரவுப்பணி

வணக்கம். எங்கள் ஐசியூவில் ஆறு பி.ஜி.க்கள் (முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள்) இரண்டு நாள் நுரையீரல் அல்ட்ராசவுண்ட் பயிலரங்கு முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகும் மெஷின் ஒன்று. லீனியர் ப்ரோப் (மேலோட்டமாகப் பார்க்க), கர்விலீனியர் ப்ரோப் (ஆழமாகப் பார்க்க) இரண்டும் உண்டு. மூச்சுத்திணறலோடு யார் வந்தாலும் லிக்டென்ஸ்டைன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் ப்ளூ புரோட்டோகால்படி (மூச்சுத்திணறலின் காரணத்தை ஸ்கேனில் தேடும் படிமுறை) பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறோம்.

சேமித்த கிளிப்புகளைத் திரும்பப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. பாதிக்கு மேல் ‘பி ப்ரொஃபைல், நுரையீரலில் நீர்’ என்று எழுதியிருக்கிறார்கள். (பி கோடு என்பது நுரையீரலின் இரட்டை உறையான ப்ளூராவிலிருந்து திரையின் அடிவரை இறங்கும் செங்குத்து வெள்ளைக் கோடு.) சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு) நோயாளிக்கும் அதே, நிமோனியாவுக்கும் அதே. அதை நம்பி நீரை வெளியேற்றும் ஃப்ரூசமைடு ஏறுகிறது. இன்னொரு பக்கம், ப்ளூரா வழுக்கல் (மூச்சோடு இரண்டு உறைகளும் ஒன்றன்மேல் ஒன்று நகர்வது) தெரியவில்லை என்றவுடன் ‘நியூமோதோராக்ஸ்’ (உறைகளுக்கு நடுவே காற்று) என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட நோயாளிகளில் ஒருவருக்கு இருந்தது வலது பக்கம் ஆழமாகப் போன டியூப். எக்ஸ்ரே வரும்வரை ஊசி குத்தாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

படம் எடுப்பதில் பிசகா, படிப்பதில் பிசகா? எத்தனை ஸ்கேனுக்குப் பிறகு ஒருவரைத் தனியாக விடலாம்?

ஒலிஅலை

சார், ஒரு கேள்வி முதலில். அவர்கள் எந்த ப்ரோப்பில், எத்தனை சென்டிமீட்டர் டெப்த்தில் பார்க்கிறார்கள்? உங்கள் முதல் பிரச்சினைக்கான விடை பெரும்பாலும் திரையின் ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணிலேயே இருக்கும்.

பயிலரங்குகளில் வழுக்கலைக் காட்ட லீனியர் ப்ரோப்பை எடுத்து டெப்த்தை 4, 5 செ.மீ.க்குக் குறைத்துவிடுவார்கள். வழுக்கல் பார்க்க அது சரி. அதே அமைப்பில் பி கோடு எண்ணினால் தப்பு நிச்சயம். கணக்கைப் பாருங்கள். ப்ளூரா தோலிலிருந்து 2.5 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ கோடு என்பது தோலுக்கும் ப்ளூராவுக்கும் இடையே ஒலி போய் வந்து போய் வந்து உண்டாக்கும் எதிரொலி. அதனால் அது 5, 7.5, 10 செ.மீ. என்று ஒரே இடைவெளியில் வரும். டெப்த் 5 என்றால் முதல் ஏ கோடே திரையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஒரு செங்குத்துக் கோடு ஏ கோடுகளை அழிக்கிறதா இல்லையா என்று பார்க்க அங்கே ஏ கோடே கிடையாது.

அடுத்தது, ஆரோக்கியமான நுரையீரலிலும் ப்ளூராவிலிருந்து வால் மாதிரிச் சின்னக் கோடுகள் தொங்கும். லிக்டென்ஸ்டைன் அவற்றுக்கு இசட் கோடு என்று பெயர் வைத்தார். மங்கலானவை, 2 முதல் 5 செ.மீ. போய்த் தேய்ந்துவிடுபவை, ஏ கோட்டை அழிக்காதவை. மேலே சொன்ன ஆளுக்கு 3 செ.மீ. நீள இசட் கோடு ஒன்று இருந்தால் அது 5.5 செ.மீ. ஆழத்தில் முடியும். 5 செ.மீ. திரையில் அது அடிவரை இறங்கியதாகவே தெரியும். கற்றுக்கொள்பவர் அதைப் பி கோடு என்று எண்ணுவதில் அவர் மேல் குற்றமே இல்லை.

ஆகவே பி கோடு எண்ணுவது கர்விலீனியரில், 12 முதல் 15 செ.மீ. டெப்த்தில். ஃபோகஸ் ப்ளூராவின் மட்டத்தில். ஹார்மானிக்ஸ், காம்பவுண்ட் இமேஜிங், ஸ்பெக்கிள் குறைப்பு மூன்றையும் அணைத்துவிடுங்கள். வயிற்றுப் படத்தை அழகாக்குவதற்காக வந்த வசதிகள் அவை. நுரையீரலில் நாம் படிப்பதே எதிரொலிக் குழப்பத்தைத்தான். அதைத் துடைத்துவிட்டால் படிக்க ஒன்றும் மிஞ்சாது. மெஷினில் ‘லங்’ ப்ரீசெட் இருந்தால் பெரும்பாலும் இவை ஏற்கெனவே அணைந்திருக்கும், ஆனாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். கெய்ன் ஏறினால் எல்லாம் வெள்ளை, இறங்கினால் நிஜப் பி கோடும் காணாமல் போகும். ப்ளூராவுக்கு மேலே தசையின் நார்கள் தெளிவாகத் தெரியும் அளவில் நிறுத்துங்கள்.

ப்ரோப்பைப் பிடிக்கும் கோணம் இன்னொன்று. குறி தலைப்பக்கம், ப்ரோப் உடலுக்கு நீளவாக்கில், ப்ளூராவுக்குச் செங்குத்தாக. மேலே ஒரு விலா, கீழே ஒரு விலா, இரண்டின் நிழலுக்கும் நடுவே, விலாவின் மேற்பரப்பிலிருந்து அரை செ.மீ. கீழே வெள்ளைக் கோடாக ப்ளூரா. வௌவால் சிறகு விரித்த மாதிரி இருக்கும். இந்தச் சட்டகம் கிடைக்காத கிளிப்பை நான் படிக்கவே மாட்டேன். கோணம் சாய்ந்தால் ஏ கோடு மறைந்துபோகும். ஏ-வும் இல்லை, பி-யும் இல்லை என்ற படத்தை ஏ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது லிக்டென்ஸ்டைன் சொன்னது. இது தெரியாதவர்கள் ‘ஏ கோடு இல்லை, எனவே பி’ என்று தாவிவிடுகிறார்கள்.

மூச்சுக்குழல்

ஒலிஅலை சொன்னதோடு இன்னொரு முக்கியமான இடம்: பி ப்ரொஃபைல் என்ற சொல்லையே உங்கள் பி.ஜி.க்கள் வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பி கோடு வேறு, பி ப்ரொஃபைல் வேறு. ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் பி கோடு இருந்தால்தான் அந்த இடம் ‘பாசிட்டிவ்’. பி ப்ரொஃபைல் என்று எழுத வேண்டுமானால் மார்பின் முன்பக்கம், இரண்டு புறமும், வழுக்கலோடு அது இருக்க வேண்டும். பக்கவாட்டில் கீழே, உதரவிதானத்துக்கு ஒட்டி ஓரிரண்டு பி கோடு நல்ல ஆளுக்கும் இருக்கும். முதுகுப் பக்கம் படுத்தே கிடக்கும் ஐசியூ நோயாளிக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே எண்ணிக்கொண்டு வந்து ‘பி ப்ரொஃபைல்’ என்று எழுதினால் உலகத்தில் பாதிப் பேருக்கு நுரையீரலில் நீர்தான்.

அதனால்தான் லிக்டென்ஸ்டைன் இடத்தை அவ்வளவு கறாராக வரையறுத்தார். நோயாளியின் கை அளவுள்ள இரண்டு கைகளை மார்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். மேல் கையின் சுண்டுவிரல் காறை எலும்பை ஒட்டி, விரல் நுனிகள் நடுக்கோட்டில், கட்டைவிரல் கணக்கில் இல்லை. மேல் கையில் நடுவிரலும் மோதிரவிரலும் தொடங்கும் இடம் மேல் புள்ளி. கீழ்க் கையின் உள்ளங்கை நடு கீழ்ப் புள்ளி. கீழ்ப் புள்ளியிலிருந்து நேர்க் கிடையாகப் பின்னுக்குப் போய்ப் பின் அக்குள் கோட்டைத் தொடும் இடம் மூன்றாவது. அங்கே ப்ரோப்பைப் படுக்கைக்கும் முதுகுக்கும் இடையே எவ்வளவு நுழைக்க முடியுமோ அவ்வளவு நுழைத்து, வானத்தைப் பார்க்கிற மாதிரி திருப்ப வேண்டும். பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. மூன்று நிமிடத்துக்குள் முடியும் வேலை.

ப்ரொஃபைல்கள் சுருக்கமாக. முன்பக்கம் இருபுறமும் பி, வழுக்கல் உண்டு: நீர் கோத்த நுரையீரல். பி இருந்தும் வழுக்கல் இல்லை, அல்லது ஒருபுறம் ஏ மறுபுறம் பி, அல்லது முன்பக்கமே நுரையீரல் கெட்டித்திருக்கிறது: நிமோனியா. முன்பக்கம் ஏ, வழுக்கல் உண்டு என்றால் ப்ரோப்பை எடுத்துக் கால் சிரைகளுக்குப் போங்கள். தொடையிலும் முழங்கால் குழியிலும் அழுத்தினால் சிரை முழுதாக மடங்க வேண்டும். மடங்கவில்லை என்றால் நுரையீரல் எம்பாலிசம் (ரத்தக்கட்டி அடைப்பு). மடங்குகிறது என்றால் மூன்றாவது புள்ளி. அங்கே கெட்டிப்போ நீரோ இருந்தால் நிமோனியா, ஒன்றுமில்லை என்றால் ஆஸ்துமா அல்லது சி.ஓ.பி.டி.

உங்கள் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு முன்பக்கம் ஏ கோடுதான் வந்திருக்க வேண்டும். கிளிப்பைத் திரும்பப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான பி ப்ரொஃபைலே வந்தாலும் அது இதயம்தான் என்று முடிவு கட்டக்கூடாது. ஏ.ஆர்.டி.எஸ்.ஸிலும் (அழற்சியால் நுரையீரலில் நீர் கோப்பது) பி கோடு கொட்டிக்கிடக்கும். அங்கே ப்ளூரா கோடு கரடுமுரடாக, அறுந்து அறுந்து இருக்கும், அதற்குக் கீழேயே சின்னச் சின்னக் கெட்டிப்புகள், பி கோடு நிறைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தப்பித்த சுத்தமான இடம், வழுக்கல் மந்தம். இதயத்தால் வரும் நீரில் ப்ளூரா மழமழவென்று இருக்கும், பி கோடு சீராகப் பரவியிருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க மட்டும் லீனியருக்கு மாறலாம். கூடவே இதயத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ப்ளூ புரோட்டோகாலில் இதயம் கிடையாது.

கட்டில்எண்12

வழுக்கல் பற்றி நான் எழுதுகிறேன். இதில் ஆபத்து உடனடியானது.

வழுக்கல் தெரிந்தால் அந்தப் புள்ளியில் நியூமோதோராக்ஸ் இல்லை. தெரியாவிட்டால் இருக்கிறது என்று பொருளல்ல. இந்த இரண்டு வாக்கியத்தையும் மெஷினில் ஒட்டிவையுங்கள். வழுக்கல் நிற்கக் காரணங்கள்: ஒரு பக்க மூச்சுக்குழாய்க்குள் போன டியூப், சளி அடைத்த மூச்சுக்குழாய், பழைய ஒட்டுதல் (நம் ஊரில் காசநோய் வந்து போனவர்கள் எத்தனை பேர்!), ப்ளூரோடெசிஸ் (உறைகளைச் சிகிச்சையால் ஒட்டவைத்தது), கடுமையான நிமோனியா, ஏ.ஆர்.டி.எஸ்., பெரிய புல்லா (நுரையீரலுக்குள் காற்றுக் குமிழ்), அல்லது நோயாளி மூச்சே விடவில்லை என்பது.

வழுக்கல் இல்லை என்று தோன்றினால் அடுத்துப் பார்க்க வேண்டியவை:

ஒரே ஒரு பி கோடு இருந்தாலும் அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. பி கோடு பிறப்பதே உள் ப்ளூராவிலிருந்துதான். நடுவே காற்று புகுந்துவிட்டால் அது வராது.

நுரையீரல் துடிப்பு இருக்கிறதா? மூச்சு அசைவு நின்ற நுரையீரலில் இதயத்துடிப்பு ப்ளூராவை மெல்ல உதறும். எம் மோடில் (ஒரே கோட்டில் உள்ள அசைவை நேரப்படி வரையும் முறை) துடிப்புக்கு ஒன்றாகச் சின்ன அதிர்வு வரும். இரண்டு உறைகளும் ஒட்டியிருந்தால்தான் அது கடந்துவரும். உங்கள் ஆழ டியூப் நோயாளியின் இடது பக்கத்தில் இது அநேகமாக இருந்திருக்கும்.

பி கோடும் இல்லை, துடிப்பும் இல்லை, ஏ கோடு மட்டும்தான் என்றால் நுரையீரல் புள்ளியைத் தேடுங்கள். முன்னாலிருந்து பக்கவாட்டுக்கு விலா இடைவெளியாக நகருங்கள். ஒரே இடத்தில் ப்ரோப் அசையாமல் இருக்க, மூச்சு உள்ளே போகும்போது வழுக்கல் வந்து, வெளியே போகும்போது மறைந்தால் அதுதான் காற்றுப் பையின் கரை. 2000-இல் லிக்டென்ஸ்டைன் வெளியிட்ட ஆய்வில் இந்தக் குறி இருந்தால் நியூமோதோராக்ஸ் 100 சதவீதம் உறுதி, ஆனால் நியூமோதோராக்ஸ் இருந்தவர்களில் 66 சதவீதம் பேரிடம்தான் இது கிடைத்தது. நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிட்டால் கரையே இருக்காது. ஆகவே புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்குக் கரை தேடி நேரம் கழிக்கவும் கூடாது.

இதைக் கற்றுக்கொடுக்க நோயாளி வேண்டியதே இல்லை. ஒரு பி.ஜி.யைப் படுக்க வைத்து, இன்னொருவரை ப்ரோப் பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு விடட்டும்: கடலும் மணலும், அதாவது எம் மோடில் மேலே நேர் கோடுகள், ப்ளூராவுக்குக் கீழே மணல் தூவிய மாதிரி. மூச்சைப் பிடிக்கட்டும்: மணல் போய் எல்லாம் நேர் கோடு, பார்கோடு மாதிரி. திரையை உற்றுப் பார்த்தால் அந்தப் பார்கோட்டின் நடுவே நுரையீரல் துடிப்பு டிக், டிக் என்று வரும். மூச்சு நின்றால் பார்கோடு வரும், அதனால் பார்கோடு மட்டும் நியூமோதோராக்ஸ் ஆகாது என்பது பத்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துப் புரிந்துவிடும்.

தோலடியில் காற்று புகுந்த நோயாளியை மட்டும் புதியவர்களிடம் விடாதீர்கள். ப்ளூராவுக்கு மேலேயே கோடுகள் கிளம்பித் திரை முழுக்க இறங்கும். விலாவே தெரியாது. வௌவால் இல்லாத அந்தப் படத்தில் பி கோடு எண்ணுவது பெரிய விபரீதத்தில் முடியும்.

இரவுப்பணி

மூவருக்கும் நன்றி. சரிபார்த்தேன்: லீனியர், டெப்த் 5 செ.மீ., காம்பவுண்ட் இமேஜிங் ஆன். பயிலரங்கில் வைத்த அமைப்பு அப்படியே இருக்கிறது. சி.ஓ.பி.டி. என்று சொன்ன கிளிப்பில் கோடுகள் திரையின் அடியைத் தொடுகின்றன, ஆனால் கீழே போகப் போக மங்குகின்றன. இசட் கோடுதான்.

எண்ணிக்கைக் கேள்விக்கு வருவோமா? எங்கள் துறையில் 25 என்கிறார்கள், சிலர் 50 என்கிறார்கள். ப்ளூ புரோட்டோகால் 90 சதவீதம் சரி என்றால் 25 போதுமே என்றும் ஒரு வாதம்.

மூச்சுக்குழல்

அந்த 90 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வாதம் நிற்காது. 2008-இல் செஸ்ட் இதழில் லிக்டென்ஸ்டைனும் மெசியேரும் எழுதியது. பாரிஸை ஒட்டிய புலோனில் உள்ள அம்ப்ருவாஸ் பாரே மருத்துவமனை ஐசியூ. மூச்சுத் திணறலோடு வந்த 301 பேரைப் பார்த்தார்கள். கடைசிவரை நோய் இன்னதென்று உறுதியாகாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருந்தவர்கள், அரிதான காரணம் உள்ளவர்கள் என்று 41 பேரை விலக்கினார்கள். மீதி 260 பேரில் 90.5 சதவீதம் சரி. நம் வார்டில் அந்த விலக்கப்பட்ட வகைதான் தினமும் வருகிறது: பழைய சி.ஓ.பி.டி., கூடவே இதய பலவீனம், அதன் மேல் நிமோனியா. ஸ்கேன் பார்த்த கையும் அந்தத் துறையை உருவாக்கியவரின் கை. ஹிட்டாச்சி 405, 5 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகான்வெக்ஸ் ப்ரோப் ஒன்று, ஃபில்டர் கிடையாது. ஆய்வின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த எண் ஆறு புதியவர்களுக்குப் பொருந்தாது.

ஒலிஅலை

எண்ணிக்கைக்கு வருகிறேன். 25-ம் 50-ம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் 25 முதல் 50 என்று வைத்திருக்கிறது. நுரையீரல் ஸ்கோரிங்குக்கு (காற்றிழப்பை எண்ணால் மதிப்பிடுவது) பல நாட்டு ஐசியூக்களில் ரூபி குழு நடத்தி 2018-இல் வெளியிட்ட பயிற்சி ஆய்வும் மேற்பார்வையில் 25 என்றே பேசியது. இரண்டிலும் தவறவிடக்கூடாத சொல் ‘மேற்பார்வை’. யாரும் திருத்தாத 50 ஸ்கேன் ஒரே தப்பை 50 முறை பழக்கும். உங்கள் டெப்த் 5 போதுமான சாட்சி.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்.

முதல் வாரம் ஆரோக்கியமானவர்கள் மேல் மட்டும். இலக்கு, எந்தப் புள்ளியிலும் 15 விநாடிக்குள் வௌவால் சட்டகம். அது வராதவர் நோயாளியிடம் போக வேண்டாம்.

பிறகு ஒவ்வொருவருக்கும் 25 நோயாளிகள், மேற்பார்வையாளர் பக்கத்தில். இதில் என்ன நோய்கள் வருகின்றன என்பதைக் கலந்து வையுங்கள். 25-ம் சாதாரண நுரையீரலாக இருந்தால் அது கணக்கே அல்ல. குறைந்தது ஐந்து நிஜ பி ப்ரொஃபைல், ஐந்து கெட்டிப்பு அல்லது நீர் என்று நான் கேட்பேன். நியூமோதோராக்ஸ் கேட்டபோது வராது. அதற்குச் சேமித்த கிளிப்புகளை வைத்துச் சோதியுங்கள். டயாலிசிஸ் யூனிட் அருமையான பள்ளிக்கூடம். முன்னும் பின்னும் ஒரே புள்ளியில் பார்த்தால் பி கோடு குறைவதைச் சில மணி நேரத்தில் கண்ணால் காணலாம்.

கிளிப் 6 விநாடி, அதற்குக் குறையக்கூடாது. வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 12 என்று ஓடினால் ஒரு மூச்சுக்கு 5 விநாடி. 3 விநாடிக் கிளிப்பில் வழுக்கல் இல்லாத மாதிரி தோன்றுவது இதனால்தான். ஒவ்வொரு கிளிப்பிலும் பக்கமும் புள்ளியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உறைந்த படத்தை ஏற்கவே வேண்டாம்.

மிக முக்கியம்: எக்ஸ்ரே, பழைய குறிப்பு எதையும் பார்ப்பதற்கு முன் பி.ஜி. தன் முடிவைத் தாளில் எழுதிவிட வேண்டும். முதலில் கண்டது, அதாவது ‘வலது மேல், ஏ கோடு, வழுக்கல் உண்டு’ என்ற மாதிரி. அதன் பிறகு தனி வரியில் பொருள். உங்கள் பி.ஜி.க்கள் நேரே பொருளுக்குப் போய்விடுகிறார்கள், அதனால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வாரம் ஒருநாள் முக்கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிளிப்பில் எழுதியதை மறைத்து இன்னொருவர் படிக்கட்டும். மூன்றே கேள்வி: படம் படிக்கத் தகுமா, படித்தது சரியா, அதனால் சிகிச்சை மாறியதா. ஒருவருடைய கடைசிப் பத்து ஸ்கேனில் முதல் இரண்டும் ஒத்துப்போனால் தனியாக விடுங்கள். அது சிலருக்கு 25-இல் வரும், சிலருக்கு 45-இல் வரும். தனியாக விட்ட பிறகும் பத்தில் ஒன்றாவது திரும்பப் பார்க்கப்பட வேண்டும்.

இரவுப்பணி

ப்ளூராவில் உள்ள நீரின் அளவைக் கேட்டால் ‘மிதமானது’ என்று எழுதுகிறார்கள். எண் ஏதாவது உண்டா?

மூச்சுக்குழல்

உண்டு. பாலிக் குழுவின் 2006 சூத்திரம்: நோயாளி மல்லாந்து, உடல் 15 டிகிரி உயர்ந்து, பின் அக்குள் கோட்டில் ப்ரோப் குறுக்காக. மூச்சு வெளியேறி முடிந்த கணத்தில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே உள்ள அதிகபட்ச இடைவெளியை மி.மீ.யில் அளந்து 20-ஆல் பெருக்கினால் மி.லி. 25 மி.மீ. என்றால் ஏறக்குறைய 500 மி.லி. நூறு, இருநூறு முன்பின் இருக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க அது போதும். நீரின் நடுவே நார்த்தடுப்புகள் இருந்தால் இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். அளப்பதற்கு முன் உதரவிதானம் எங்கே என்று பார்த்தே ஆக வேண்டும். அதைத் தவறவிட்டால் உதரவிதானத்துக்கு மேலே உள்ள நீரும் கீழே உள்ள நீரும் குழம்பிவிடும்.

கெட்டித்த நுரையீரலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் மூச்சோடு உள்ளே வெளியே ஓடினால் நிமோனியாவின் பக்கம் சாயலாம். அசையாமல் நின்றால் அடைத்துச் சுருங்கியதாகவும் இருக்கலாம். இதையும் லிக்டென்ஸ்டைன் 2009-இல் எழுதியிருக்கிறார். நிமோனியா இல்லாமல் அடைத்துச் சுருங்கியவர்களில் 94 சதவீதம் பேரிடம் ஓடும் புள்ளிகள் இல்லை, ஆனால் நிமோனியா இருந்தவர்களில் 61 சதவீதம் பேரிடம்தான் காணப்பட்டன.

கட்டில்எண்12

இரண்டு சில்லறை விஷயம், ஆனால் விட்டுவிடக்கூடாதவை.

ஜெல்: பெரிய கேனிலிருந்து ஊற்றி ஊற்றி நிரப்பும் பாட்டில் ஐசியூவுக்கு வேண்டாம். மாசுபட்ட ஜெல்லால் பர்கோல்டேரியா என்ற பாக்டீரியாத் தொற்று பரவியது பலமுறை பதிவாகியிருக்கிறது. காயம், லைன் இருக்கும் இடத்துக்கு ஸ்டெரைல் பாக்கெட். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஜெல்லைத் துடைத்து, ப்ரோப் தயாரிப்பாளர் அனுமதித்த திரவத்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். கைக்குக் கிடைத்த ஸ்பிரிட்டைத் தடவினால் ப்ரோப்பின் ரப்பர் முகம் நாளடைவில் வெடிக்கும். வயரையும் துடைக்க வேண்டும், அது படுக்கையில் புரள்கிறது.

அடுத்தது, கைக்கடக்கமான ப்ரோப் வாங்கிப் பி.ஜி.க்களிடம் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கவனம். 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின் (கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுப்பது) கீழ் அதுவும் அல்ட்ராசவுண்ட் மெஷின்தான். பதிவு வேண்டும், யார் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் வேண்டும். 2012 விதித் திருத்தத்தின்படி எடுத்துச் செல்லும் மெஷினைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கே பயன்படுத்தலாம். பதிவான நடமாடும் மருத்துவப் பிரிவு மட்டும் விலக்கு. வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனால் மாட்டிக்கொள்வது அந்தப் பி.ஜி.தான். வாங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

இரவுப்பணி

இன்று மாலை ப்ரீசெட்டை மாற்றி ‘நுரையீரல் 14 செ.மீ.’ என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டேன். முடிவை எழுதும் தாளில் ஆறு புள்ளிகளுக்கு ஆறு கட்டம், கீழே ‘பொருள்’ என்று ஒரு வரி. முதல் மறுபார்வை வெள்ளிக்கிழமை. ஒலிஅலை சார், இசட் கோடு, பி கோடு இரண்டும் ஒரே நோயாளியிடம் இருக்கும் கிளிப் இருந்தால், பெயர் விவரம் நீக்கி இங்கே போட முடியுமா?

ஒலிஅலை

இருக்கிறது. அதே நோயாளி, அதே புள்ளி, ஒன்று 5 செ.மீ. டெப்த்தில், ஒன்று 14-இல். நாளைக் காலை ஏற்றுகிறேன். முதலில் 5 செ.மீ. கிளிப்பை மட்டும் காட்டி எத்தனை பி கோடு என்று எழுத வைத்துவிட்டு, பிறகு மற்றதைத் திறங்கள்.